வரியின் கடைசியில் இரண்டு வெற்றிடம்

துறையில் அவருக்கு எழுத்தெண்ணி என்று பெயர். எழுத்தெண்ணிப் படித்தவர் என்று ஒருவரைச் சொன்னால் அது பாராட்டு. இவருக்கோ அது பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. முப்பத்தொரு வருடம் அரசுப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். இயந்திரங்களின் வயிற்றுக்குள் ஓடும் மென்பொருள் எது, எந்த வெர்ஷன், எப்போது யார் கையால் உருவானது என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. செய்தவர்கள் எழுதிய மூலம் கைக்கு வராது. இயந்திரம் மட்டுமே படிக்கும் பைனரி வரும். மூச்சு விட ஓர் இடைவெளிகூட இல்லாத பல லட்சம் எண்கள். அதற்குள் நாள் கணக்காகக் குனிந்திருந்துவிட்டு, 'இது இன்ன வெர்ஷன், இன்ன மாதம் வந்த திருத்தம் இதில் சேரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் மறுபேச்சு கிடையாது. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும், 'எழுத்தெண்ணி சொல்லிட்டாரா, அப்ப சரி' என்ற பேச்சு துறையில் ஓயவில்லை.

அந்தப் பேச்சில் அவருக்குக் கர்வம் உண்டு. உழைத்துச் சேர்த்த பெயரில் கர்வப்படுவது குற்றமில்லை. குற்றம் வேறு இடத்தில் இருந்தது.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்த மாப்பிள்ளை சொந்தம். மனைவியின் அண்ணன் மகன். தொட்டில் காலத்திலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை. இளைய மாப்பிள்ளை சின்னவளே பார்த்துக்கொண்டு வந்தவர். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காததால் எழுத்தெண்ணி சரி என்றார். சரி என்பதற்கும் சம்மதம் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். குளிர் அறைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழில். உறவுக்காரர்கள் நாலு பேர் பங்கு போட்டார்கள். பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். ஒன்று மோட்டாரையும் குளிரையும் பார்த்துக்கொள்ளும். மற்றது திரையில் எண்களைக் காட்டி, வெளி நெட்வொர்க்கோடு பேசும். ஒரு குடித்தனத்தின் அடுப்படிக்குள் மற்றது எட்டிப் பார்க்கக் கூடாது. நடுவில் சுவராக நிற்கிற மென்பொருளுக்குத்தான் ஹைப்பர்வைசர் என்று பெயர். சுவரில் ஓட்டை இருந்தால், வெளியிலிருந்து வருகிறவன் திரைப் பக்கமாக நுழைந்து குளிரையே நிறுத்திவிடலாம்.

ஆறு வருடத்துக்கு முன் அதுதான் நடந்தது. ஓர் இரத்த வங்கியின் குளிர் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மோட்டார் ஓடவில்லை. திரையோ குளிர் சரியாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஆயிரத்து நூறு பை இரத்தத்தைக் கொட்டினார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் கை நீட்டிக் கொடுத்த இரத்தம்.

ஹைப்பர்வைசரின் 4.6 வெர்ஷனில் அந்த ஓட்டை இருந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை அடைத்துத்தான் 4.8 வந்திருந்தது. இரத்த வங்கிக்கு 4.8 போடப்பட்டதாகக் கம்பெனியின் காகிதம் சொன்னது. மூலத்தைப் பைனரியாக மாற்றுவதைக் கம்பைல் என்பார்கள். அதைச் செய்தவர் இளைய மாப்பிள்ளை. பங்கு போட்ட உறவுக்காரர்கள் கொதித்துப்போய் வந்து நின்றார்கள். எழுத்தெண்ணியே பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. பெட்டியிலிருந்து எடுத்த பைனரியை அவர் வாங்கிப் பார்த்தார்.

ஒவ்வொரு பைனரிக்குள்ளும் மனிதர் படிக்கும்படி ஒரு வரி இருக்கும். வெர்ஷன் எண், கம்பைல் செய்தவரின் பெயர், அதற்குப் பயன்பட்ட கருவியான கம்பைலரின் எண், தேதி. வெர்ஷன் வரி என்பார்கள். அந்த வரியில் 4.8 இருந்தது. இளைய மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வைத்திருந்த ஆறெழுத்துப் பெயர் இருந்தது. தேதியும் பொருந்தியது. அதோடு மூடிவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் எந்த அந்நியரின் பைனரியையும் அவர் அப்படி ஒரே வரியோடு மூடியதில்லை.

மறுநாள் காலை வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேர். அவரும் மனைவியும், பெண்கள் இருவரும், மாப்பிள்ளைகள் இருவரும், மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும், அவருடைய சித்தப்பா, பெரியப்பா மகன், சகலை, கடைசியாக இளைய மாப்பிள்ளையின் அப்பா. ரயில் சிக்னல் அறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

எழுத்தெண்ணி எழுந்து நின்று பேசினார்.

"வெர்ஷன் வரியில உங்க பேர் இருக்கு மாப்பிள்ளை. தேதியும் இருக்கு. ஓட்டையை அடைச்சாச்சுன்னு நீங்களே எழுதிட்டு அடைக்காம விட்டிருக்கீங்க. அந்த ஒரு வரியைக்கூட ஒழுங்கா முடிக்கல. கடைசியில ரெண்டு காலி இடம் தொங்குது. ஒரு சோறு பதம். வேற என்ன பாக்கணும்?"

இளைய மாப்பிள்ளை அமைதியாகத்தான் கேட்டார். "இது நான் கம்பைல் பண்ணது இல்ல மாமா. பைலை என்கிட்ட குடுங்க. இங்கேயே பிரிச்சுக் காட்டறேன்."

"திருடன் கையில சாவியைக் குடுக்கச் சொல்றீங்களா?"

சிக்னல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மகன் போய் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். சின்னவள் பையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போதாவது திரும்பிப் பார்ப்பாள் என்று அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பார்க்கவில்லை.

அதன் பிறகு அந்தத் துறையில் இளைய மாப்பிள்ளைக்கு வேலை கொடுப்பார் இல்லை. எழுத்தெண்ணியே தன் மாப்பிள்ளையை ஒதுக்கிவிட்டார் என்றால் வேறு யார் சேர்ப்பார்கள்? அவர் காதுக்கும் இது வந்தது. நியாயத்துக்கு உறவு ஏது என்று சொல்லிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்துச் சிக்னல்காரர் இறந்துபோனதாகச் செய்தி வந்தபோது மனைவி மட்டும் போய்வந்தாள். அவர் போகவில்லை.

இவ்வளவும் பழைய கதை. இந்த வருடம் மூத்த மாப்பிள்ளைக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. பல இடங்களில் மருந்துக் கிடங்கு வைத்திருக்கும் நிறுவனம், கேட்டிருப்பது முந்நூறு பெட்டி. அதற்கு முன்னால் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். கடந்த ஏழு வருடத்தில் விற்ற ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் என்ன ஹைப்பர்வைசர், என்ன வெர்ஷன் என்று எழுதித் தர வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் ஒரு கேள்வி: 'வெர்ஷன் வரி தவிர, வேறு எந்தச் சான்றால் உறுதி செய்யப்பட்டது?' எங்கேயோ யாரோ வரியைத் திருத்தி ஏமாற்றியிருப்பார்கள். அடி வாங்கியவன் கேட்கும் கேள்வி அது.

எழுத்தெண்ணியின் கையெழுத்து இருந்தால் எடுபடும் என்று மூத்த மாப்பிள்ளை படிவத்தைக் கொண்டுவந்தார். "பத்து நிமிஷ வேலை மாமா. வரியைப் படிச்சு எழுதிடலாம். அஞ்சாவது கட்டத்துல 'பரிசோதிக்கப்பட்டது'ன்னு ஒரு வார்த்தை போட்டா போதும்."

ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் அதை நிரப்பத்தான் போட்டிருக்கிறார்கள் என்றார் அவர். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பத்துப் பைனரி அடங்கிய டிஸ்க்கை மேஜையில் வைத்தார். பட்டியலில் பதினொன்று இருந்ததே என்று கேட்டதற்கு, பதினொன்றாவது அந்த இரத்த வங்கிப் பெட்டி, அதைத்தான் உடைத்துப் போட்டாயிற்றே, பைல் இப்போது இல்லை என்று பதில் வந்தது.

"கம்பெனியில இல்லாட்டி என்ன? என்கிட்ட இருக்கு" என்றார் எழுத்தெண்ணி.

அவர் பார்த்த எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. இரும்பு அலமாரியின் மேல் தட்டில், உறையில் போட்டு, தேதி எழுதி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் முகத்தை அப்போது அவர் பார்க்கவில்லை. அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பத்துப் பைனரிகளையும் பார்த்து முடிக்க எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் காலை காபியைக் குடித்துவிட்டுப் பதினொன்றாவதைத் திறந்தார்.

கம்பைல் செய்யும்போது எந்தெந்த வசதிகள் வேண்டும், எவை வேண்டாம் என்று தேர்ந்தெடுத்த பட்டியல் ஒன்று உண்டு. அதைச் சுருக்கி மூட்டையாகக் கட்டிப் பைனரிக்குள்ளேயே வைத்துவிடுவது இந்த ஹைப்பர்வைசரின் வழக்கம். மூட்டை எதுவானாலும் முடிச்சு ஒன்றுதான். முதல் இரண்டு எண்கள் மாறாது. அந்த முடிச்சைத் தேடிப் பிடித்து அவிழ்த்தார். பட்டியலின் தலைப்பில் வெர்ஷன் எண் இருக்கும்.

4.6 என்று இருந்தது.

தவறான பைலை எடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். உறையைப் பார்த்தார். தன்னுடைய கையெழுத்து, அந்தத் தேதி. மறுபடி அவிழ்த்தார். 4.6.

பிறகு ஓட்டை இருந்த இடத்துக்கே போனார். திரைப் பக்கத்துக் குடித்தனம் ஒரு முகவரியைக் கேட்டால், அது எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். 4.8 செய்த திருத்தமே அந்த ஒரு சரிபார்ப்புத்தான். பைனரியில் அந்த இடத்தை வரி வரியாகப் பிரித்துப் படித்தார். சரிபார்ப்பு இல்லை. அரைகுறையாகச் செய்து விட்ட தடயமும் இல்லை. ஒருவர் கையும் படாத பழைய சுவர். கம்பைலர் விட்டுச்சென்ற அடையாளத்தைப் பார்த்தார். வெர்ஷன் வரி ஒரு கம்பைலரைச் சொன்னது, உள்ளே கிடந்தது அதற்கு மூத்தது.

அப்போதுதான் அந்த வரிக்கே திரும்பி வந்தார். கடைசியில் இரண்டு வெற்றிடம்.

பைனரிக்குள் ஓர் எழுத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஓர் இடம் நகர்ந்தால் பின்னால் உள்ள அத்தனை முகவரியும் பிசகி, பெட்டி எழுந்து நிற்காது. ஒரு வரியை அழித்து இன்னொன்றை எழுதுகிறவன் பழைய நீளத்துக்கே எழுத வேண்டும். புதியது குட்டையாக இருந்தால் மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். வெர்ஷன் எண்ணுக்கு இரண்டிலும் ஒரே நீளம். தேதிக்கும் கம்பைலர் எண்ணுக்கும் அப்படியே. பெயர் மட்டும்தான் பாக்கி. இளைய மாப்பிள்ளையின் பெயருக்குக் கம்ப்யூட்டரில் ஆறெழுத்து. மூத்த மாப்பிள்ளையின் பெயருக்கு எட்டு.

எழுத்தெண்ணி விரல் விட்டு எண்ணினார். பள்ளிப் பிள்ளை மாதிரி இரண்டு முறை எண்ணினார். ஆறு வருடத்துக்கு முன் அந்த இரண்டு வெற்றிடத்தையும் அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார், ஒரு மனிதனின் சோம்பலுக்கு அத்தாட்சியாக எடுத்துக் கூடத்தில் பன்னிரண்டு பேர் நடுவில் வீசினார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. மனைவி வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "சின்னவ ஆறு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கா" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சான்று கேப்பீங்க. அவ முகத்தைத் தவிர என்கிட்ட என்ன சான்று இருக்கு?"

மூத்த மாப்பிள்ளையும் பெரியவளும் மாடியில்தான் குடியிருந்தார்கள். மதியம் இருவரையும் கீழே அழைத்தார். மாப்பிள்ளை மறுக்கவில்லை. அந்த மட்டில் சொல்ல வேண்டும். புதிய 4.8 இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை திரையை உறைய வைத்ததாம். திங்கட்கிழமை பெட்டி போயாக வேண்டும். அதைக் கம்பைல் செய்த இளையவரோ அப்பாவுக்கு ஆபரேஷன் என்று விடுப்பில் இருந்தார். வாங்குகிறவர்களின் ஆய்வாளர் திரையில் வெர்ஷன் வரியை மட்டும் பார்ப்பார் என்று தெரியும். தான் முன்பு கம்பைல் செய்த 4.6-ஐ எடுத்து, புதியதின் வரியை அப்படியே அதன் மேல் எழுதினார். ஒரு மாதத்தில் மாற்றிவிடலாம் என்று எண்ணம். அப்புறம் மறந்தே போனதாம். இளையவரின் கம்பைல் இருந்த டிஸ்க்கை அவர் போன மறுவாரமே அழித்ததை மட்டும் மறந்து செய்ததாகச் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

"அவர் பேர் அந்த வரியோட சேர்ந்து வந்துடுச்சு மாமா. அவரை மாட்டிவிடணும்னு செய்யல."

"கூடத்துல உக்காந்திருந்தீங்களே, அப்ப வாய் இருந்துச்சா இல்லையா?"

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "இருந்துச்சு. அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசலையே நான். பேசினது நீங்க."

அந்தச் சொல் எவ்வளவு கசப்பானாலும் சரியான எடை. வரியைத் திருத்தியவர் ஒருவர். தீர்ப்புச் சொன்னவர் வேறொருவர். சொந்த ரத்தம் பொய் சொல்லாது, வந்தவன்தான் சொல்வான் என்று உள்ளுக்குள் முன்பே எழுதி வைத்திருந்த தீர்ப்பு அது. பைனரியைத் திறந்தது வெறும் சடங்கு.

பெரியவள் அதுவரை சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. ஆனால் பேசியபோது புருஷன் பக்கம்தான் நின்று பேசினாள். "எழுதாதீங்கப்பா. முந்நூறு பெட்டியோட போகாது. கம்பெனியே போயிடும். ஒருத்தியை வெளியே அனுப்பியாச்சு. இப்ப என் முறையா?"

"நான் யாரையும் அனுப்பலம்மா."

"அவளையும் அப்படித்தான் அனுப்பலையா?"

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே படிவத்தை எழுதி முடித்தார். பதினொன்றாவது வரிசை: வெர்ஷன் வரி 4.8 என்கிறது, உள்ளிருப்பது 4.6. ஐந்தாவது கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாள் இணைத்தார். மூட்டைக்குள் இருந்த பட்டியல், இல்லாத சரிபார்ப்பு, கம்பைலர் அடையாளம், இரண்டு வெற்றிடம். கீழே ஒரு வாக்கியம் சேர்த்தார்: 'இதே பைனரியைப் பற்றி ஆறு வருடத்துக்கு முன் நான் வாய்மொழியாகச் சொன்ன முடிவு தவறு. அன்று நான் வெர்ஷன் வரிக்கு மேல் எதையும் பார்க்கவில்லை.' இரத்த வங்கிக்கும் ஒரு நகல் எடுத்து உறையில் போட்டார். குடும்ப மானத்தை நீங்களே தெருவில் போட்டுவிட்டீர்கள் என்று மாப்பிள்ளை படிக்கட்டில் நின்று சொன்னார். அதைப் போட்டு ஆறு வருடமாயிற்று, இப்போது பொறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றார் இவர்.

மறுநாள் பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, இளைய மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்குப் போனார். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் அடித்தளம். சீட்டுக் கொடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை. வயிறு திறந்த இயந்திரங்கள் சுவரோரம் வரிசையாக நின்றன; தரையெல்லாம் வெள்ளைச் சீட்டுச் சுருள். மேலே கார் ஏறும்போதெல்லாம் கூரை அதிர்ந்து குழல் விளக்கு நடுங்கியது. ஹைப்பர்வைசர் கட்டிய கை, சீட்டு சிக்கிய உருளையை இடுக்கியால் சுத்தம் செய்துகொண்டிருந்தது. காதோரம் நன்றாக நரைத்திருந்தது.

"உக்காருங்க சார்" என்றார்.

மாமா என்று கூப்பிடாவிட்டால் எப்படிக் கூப்பிடுவார் என்று பஸ்ஸில் ஒரு முறைகூட யோசிக்காமல் வந்துவிட்டோம் என்று எழுத்தெண்ணிக்கு அப்போது தோன்றியது. தனித்தாளை நீட்டினார். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தார். அவசரப்படாமல் கடைசி வரைக்கும் படித்தார்.

"சரியா இருக்கு."

"நீங்க அந்த ரெண்டு வெற்றிடத்தை எப்ப கவனிச்சீங்க மாப்பிள்ளை?"

"நீங்க கூடத்துல சொன்னீங்களே, அப்பவே. சொன்ன அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு, யாரோட எட்டெழுத்துன்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"பைலைக் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கும்." இடுக்கியை எடுத்து மேஜையில் நேராக வைத்தார். "அப்புறமும் கொஞ்ச நாள் காத்துட்டிருந்தேன். எழுத்தெண்ணின்னு எல்லாரும் சொல்றாங்களே, என்னைக்காவது எண்ணுவீங்கன்னு நெனச்சேன்."

மேலே ஒரு கார் ஏறிப் போனது. எழுத்தெண்ணி எழுந்து நின்றார். தப்பு என்னுடையது என்றார். அன்றைக்கு இருந்த அத்தனை பேரையும் அதே கூடத்தில் கூட்டி, அதே வாயால் சொல்கிறேன், வர வேண்டும் என்றார். வாழ்நாளில் அவர் யாரையும் அப்படி வேண்டிக் கூப்பிட்டதில்லை.

"எல்லாரையும் கூட்ட முடியாது சார். எங்கப்பா இல்ல."

அவர் குரலை உயர்த்தவில்லை. சீட்டுச் சுருளைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "அவர் சிக்னல் அறையில வேலை பார்த்தவரு. விளக்கு சிவப்புன்னா சிவப்பு. ஏன் சிவப்புன்னு கேக்க மாட்டாரு. உங்க பேச்சையும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாரு. ரெண்டு வருஷம் என்கிட்ட வாரத்துக்கு ஒரு தடவையாவது கேப்பாரு. 'நிஜத்தைச் சொல்லுடா, திட்ட மாட்டேன், நீ செஞ்ச தப்புதானே? அவ்வளவு பெரிய மனுஷன் பொய்யா சொல்லுவாரு'ன்னு. கடைசியா ஆஸ்பத்திரியில பேச்சு நிக்கிறதுக்கு முன்னாடி நாளும் கேட்டாரு. ஆமாப்பா, நான் செஞ்சதுதான்னு சொல்லிட்டேன். கேட்டுட்டு நிம்மதியா கையைத் தட்டிக் குடுத்தாரு."

பிறகு தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இதை வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, எனக்குத் தெரிந்த விஷயம்தானே என்றார். சின்னவள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. எழுத்தெண்ணி அந்தப் பக்கம் போகாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கூடத்தில் பன்னிரண்டு நாற்காலி போட்டார். பன்னிரண்டு எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. மாடியில் ஏதோ இழுபடும் சத்தம். பெரியவள் வீடு மாறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இறங்கி வரவில்லை. இளையவர்கள் வரவில்லை. சித்தப்பா, பெரியப்பா மகன், சகலை, மனைவியின் அண்ணன், ஆக நாலு பேர். மனைவி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நாற்காலியில், மடியில் கையை வைத்து உட்கார்ந்தாள்.

எழுத்தெண்ணி எழுந்து நின்றார். அன்று நின்ற இடம். அன்று என்ன சொன்னார், அது எப்படித் தவறு, திருடன் என்ற வார்த்தை யார் வாயிலிருந்து யார் மேல் விழுந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சிக்னல்காரரின் பெயரையும் சொன்னார். குரல் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. தடுமாறினால் பரிதாபம் கேட்பதாக ஆகிவிடும் என்று முந்தின நாளே தனியாகச் சொல்லிப் பார்த்திருந்தார்.

முடித்ததும் முதலில் பேசியவர் மனைவியின் அண்ணன். மூத்த மாப்பிள்ளையின் அப்பா. "பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது மச்சான்? என் பையன் மேல உங்களுக்கு வேற ஏதோ மனஸ்தாபம். அதை நேராச் சொல்லுங்க." சகலை சிரித்தபடி, எழுத்தெண்ணிக்கே எழுத்து தப்பினால் நம்மைப் போன்றவர்கள் எங்கே போவது என்றார். பெரியப்பா மகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடியும், இத்தனை வருடத்தில் பைலே கெட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டார். சித்தப்பா மட்டும் கனிவாகப் பேசினார். "வயசாச்சுப்பா. ராத்திரி பகல்னு அந்தக் கம்ப்யூட்டரைப் பாக்காதே."

சான்றுத் தாள்களை எல்லோரிடமும் நீட்டினார். ஒருவர் வாங்கி மேலெழுந்தவாரியாகப் பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார். கடைசியில் அது ஒரு காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தது. அன்று அவர் ஒரே ஒரு வரியைப் படித்துப் பொய்யைச் சொன்னபோது யாரும் சான்று கேட்கவில்லை. இன்று நாலு சான்றோடு உண்மையைச் சொல்கிறார், வாங்குவார் இல்லை. வந்த பொருளைப் பார்த்தா வாங்கினார்கள் அன்று? பெயரைப் பார்த்து வாங்கினார்கள். அந்தப் பெயரை இப்போது அவரே கிழித்துப் போட்டுவிட்டார். இனி எதை நம்பி வாங்குவார்கள்?

காபி குடித்துவிட்டு, பஸ் கிடைக்காது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கிளம்பினார்கள். வாசல் வரை போய் வழியனுப்பினார். யாரையும் குறை சொல்ல அவருக்கு வாய் இல்லை.

திரும்பி வந்தபோது மனைவி அதே நாற்காலியில் இருந்தாள். முந்தானைக்கு அடியிலிருந்து செல்போனை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆரம்பத்திலிருந்தே அது லைனில் இருந்திருக்கிறது.

"சின்னவளா?"

"ம்."

"எல்லாம் கேட்டாளா?"

"முழுசா கேட்டா."

"என்ன சொன்னா?"

மனைவி காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "அப்பா பேசி முடிச்சுட்டாரான்னு கேட்டா. முடிச்சுட்டார்னு சொன்னேன். சரிம்மான்னு வச்சுட்டா."

அவள் சமையலறைக்குள் போனாள். எழுத்தெண்ணி தாள்களை எடுத்து வரிசைப்படுத்தி, தேதி எழுதி, உறையில் போட்டார். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். சிக்னல்காரர் அன்று விளிம்பில் உட்கார்ந்திருந்த நாற்காலி எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.